இல்லாத கல்லைச் சுற்றி உழுகிறவர்

ஒரு கல்லை இடம் மாற்றுவது எப்படி என்று பார்த்துப்போகத்தான் டென்மார்க்குக்கு வந்தேன். என்னை அழைத்தவர்களுக்கு அது தெரியாது. விபோர்க் நகருக்கு வெளியே ஒரு விடுதிக் கல்லூரியில், பல நாட்டு ஆசிரியர்களுக்கு உள்ளூர் வரலாற்றைப் படிப்பிப்பது பற்றி ஒரு சிறு பயிற்சி. மாத்தளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் புவியியல் படிப்பிக்கும் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாய் முடித்த முதல் ஆள் நான். ஆகவே எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எதையாவது போய்ப் பார்த்து விளங்கிக்கொண்டு வர வேண்டுமென்றால் என்னைத்தான் தேடுவார்கள். இந்த முறை தேடியது கல்லுக்காக.

அந்தக் கல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்தவர்கள். காய்ச்சலிலும் கழிச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களை யாரும் எண்ணி வைக்கவில்லை. காடு முடிந்து மலை முதன்முதலாகக் கண்ணில் படும் ஒரு வளைவு மாத்தளைக்கு வடக்கே வீதியோரம் இருக்கிறது. அங்கே சில வருடங்களுக்கு முன் நாங்கள், தோட்டத்துச் சங்கத்தார், ஒரு கருங்கல்லை நட்டோம். ‘நடந்து வந்தவர்கள் இங்கே நின்று மலையைப் பார்த்தார்கள்’ என்று அதில் வெட்டியிருக்கிறது. பெயரில்லை, படமில்லை. அவ்வளவுதான் எங்களிடம் இருப்பது.

இப்போது அந்த வீதியை அகலமாக்குகிறார்கள். பொறுப்பான எஞ்சினியர் கெட்டவர் அல்ல. கல்லை உடைக்காமல் தோட்டத்துக் கோயில் வாசலில் கொண்டுபோய் வைக்கத் தன் இயந்திரத்தையே தருகிறேன் என்றார். எங்கள் சங்கம் அன்றிலிருந்து இரண்டாகிவிட்டது. கோயிலில் வைத்தால் ஒரு விளக்காவது எரியும் என்றது ஒரு பாதி. வளைவை விட்டுப் போனால் அது அம்மிக்கல் என்றேன் நான்; என்னோடு மறுபாதி. கத்திக் களைத்த பிறகு தலைவர் சிவலிங்கம் ஐயா என்னைப் பார்த்தார். “நீ போற ஊர்ல இதே மாதிரி ஒரு கல்ல எடுத்து வேற எடத்துல வச்சிருக்காங்கன்னு பயிற்சிக் காகிதத்துல படிச்சேன்னியே. நேர்ல பாத்துட்டுச் சொல்லு தம்பி. அதுவரைக்கும் இவங்கள நான் புடிச்சு வைக்கிறேன்.”

விபோர்க்கில் என்னைத் தன் வீட்டில் தங்கவைத்தவர் மரியதாஸ் அண்ணை. மன்னார்க்காரர், எங்கள் பாடசாலை அதிபரின் பழைய சிநேகிதர். பாண், அதாவது ரொட்டி, சுடும் தொழிற்சாலையில் வேலை. மனைவி ஜெசிந்தா அக்கா முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறார். மகள் மெலனி இங்கேயே பிறந்தவள், படித்து முடித்து கொம்யூனில், அதாவது நகரசபையில், வேலை பார்க்கிறாள். தாய் தமிழில் கேட்பார், மகள் டேனிஷில் பதில் சொல்வாள், இருவருக்கும் விளங்கும். எனக்கு மட்டும் பாதிக் கதைதான் கிடைக்கும்.

முதல் நாள் கறுப்புப் பாண் ஒன்றை வெட்டி வைத்தார்கள். கையில் எடுத்தால் செங்கல் கனம்.

“தம்பி, அதைச் சும்மா கடியாதையும். நாங்கள் செய்யிற பாண்தான், எண்டாலும் சொல்லுறன். சம்பலைப் பூசிக் கடியும்” என்றார் அண்ணை.

பூசிக் கடித்தேன். தேங்காய்ச் சம்பலும் அந்தப் புளிப்பும் சேர்ந்தபோது ஒரு தினுசாக நன்றாகத்தான் இருந்தது.

“உங்கட ஆக்கள் எங்கட கரையிலதானே இறங்கினவை?” என்று தொடங்கினார். “எங்கட ஊர்ப் பெரிசுகள் அவைக்குத் தண்ணி குடுத்ததாம் எண்டு சின்னனில கேள்விப்பட்டிருக்கிறன்.”

“சும்மா குடுத்தாங்களா, வித்தாங்களா அண்ணே?”

“வித்ததுதான்!” என்று மேசையில் தட்டிச் சிரித்தார். “பின்ன, மன்னாரில தண்ணி என்ன ஆத்திலயே ஓடுது?”

“வந்த பிள்ளைக்கு முதல் நாளே இதைச் சொல்லோணுமோ?” என்று ஜெசிந்தா அக்கா எனக்கு இன்னொரு துண்டு மீனை வைத்தார். பால் சொதியில் வெந்த கடல்மீன். அந்தச் சொதிக்குத் தண்ணீர் விலையை மன்னித்துவிடலாம்.

கல்லூரியில் பரீட்சையே கிடையாது என்று மறுநாள் காலையில் சொன்னார்கள். நான் இரண்டு தரம் கேட்டேன். இந்த நாட்டில் இப்படிப் பல கல்லூரிகள் உண்டாம். வருவார்கள், தங்குவார்கள், பாடுவார்கள், படிப்பார்கள், போவார்கள். பெறுபேறு இல்லை, தரவரிசை இல்லை. பரீட்சை வருடத்தில் எங்கள் லயத்தின் மற்ற வீடுகள் எனக்காக ரேடியோவின் சத்தத்தைக் குறைத்து வைத்த நினைவு வந்தது. பக்கத்தில் இருந்த டேனிஷ்காரர் சட்டை பின்னிக்கொண்டே பாடம் கேட்டார். ஊசியைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

மாலையில் கல்லைப் பார்க்க பஸ் ஏறினேன். வயல்வெளியின் நடுவே ஒரு தரிப்பிடம், சுற்றிலும் மனிதக் குஞ்சு இல்லை, ஆனால் நேர அட்டவணை ஒட்டியிருக்கிறது. அதில் போட்ட நேரத்துக்கே பஸ்ஸும் வருகிறது. இறங்கும் இடம் நெருங்கியதும் எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றேன். எங்கள் ஊரில் அப்படி நின்றால் கொண்டக்டரே “இறக்கம்!” என்று கத்துவார். இங்கே கொண்டக்டர் இல்லை. பஸ் நிற்காமல் போயிற்று. நான் சாரதியைப் பார்த்தேன். சாரதி வீதியைப் பார்த்தார்.

“பொத்தானை அழுத்த வேண்டும்” என்றார் பிறகு, ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாக. “நீங்கள் வெளியே பார்ப்பதற்காக நிற்கிறீர்கள் என்று நினைத்தேன்.”

அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி வந்த வழியே திரும்பி நடந்தேன். மார்ச் மாதக் காற்று காதுக்குள் ஊசி போட்டது. இரண்டு பக்கமும் உழுத நிலம், சீப்பால் வாரிவிட்ட மாதிரி நேர் நேர் கோடுகள். ஒரு வயலில் மட்டும் அந்தக் கோடுகள் நடுவில் ஓரிடத்தில் விலகி வளைந்து, மறுபக்கம் போய் மறுபடி நேராயின. வளைவுக்குள்ளே வட்டமாய் ஒரு பாய் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான புல். கிணறா என்று பார்த்தேன். இல்லை. கல்லறையா? அதுவும் இல்லை. புல்லைத் தவிர ஒன்றுமே இல்லை. புவியியல் ஆசிரியருக்குப் பிடிபடவில்லை.

கல் நின்றது அதற்கப்பால், வாகனத் தரிப்பிடம் ஒன்றின் ஓரத்தில். ஆளுயரச் சாம்பல் பாறை, எழுத்துகளுக்குக் கறுப்பு மை புதிதாகத் தீட்டியிருந்தார்கள். பக்கத்தில் கண்ணாடிக்குள் வரைபடம். சாய்ந்து உட்கார ஒரு மர வாங்கு. நாய் வெளிக்குப் போனால் அள்ளுவதற்குப் பைகள். சற்றுத் தள்ளி ஒரு கழிப்பறை. குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர். ஒரு கல்லைப் பார்க்க வருகிறவனின் கை குளிரும் என்று யோசித்திருக்கிறார்கள்! நான் கையைக் கழுவினேன். மனம் எரிந்தது.

எடுத்துவந்த படத்தை இரவுச் சாப்பாட்டு மேசையில் மெலனியிடம் காட்டினேன். வாசித்து, தமிழில் தேடித் தேடிச் சொன்னாள். தெற்கிலிருந்து வடக்கே போகும் பழைய வழி அது. மாட்டு வியாபாரிகளும் யாத்திரிகர்களும் நடந்த வழி. ‘வழிப்போக்கர்கள் இங்கிருந்து விபோர்க்கின் கோபுரங்களை முதன்முறை கண்டார்கள்.’

“இங்கிருந்தா? நான் நின்னு பாத்தேனே. மரமும் கக்கூசும்தானே தெரியுது.”

“ஓம் அண்ணா, அதுதான் சண்டை!” என்று அவள் முகம் மலர்ந்தது. “கல் முந்தி அங்க இல்லை. பௌல் எண்டு ஒரு விவசாயி, அவற்ற வயலுக்குள்ள நிண்டது. பாக்கப் போற ஆக்கள் பயிரை மிதிக்கினம் எண்டு பார்க்கிங்குக்குக் கொண்டு வந்தவை.”

வட்டப் புல்லைப் பற்றிக் கேட்டேன்.

“அதுதான் கல் நிண்ட இடம். அந்த வட்டத்துக்குள்ள உழக்கூடாது எண்டு சட்டம். கல்லைத் தூக்கினவை, சட்டத்தைத் தூக்க மறந்திட்டினம். பௌல் இண்டைக்கும் சுத்தித்தான் உழுகிறார்.”

“ஒண்டுமில்லாததைச் சுத்தியோ?” என்றார் மரியதாஸ் அண்ணை.

மெலனி டேனிஷில் ஏதோ சொன்னாள். தாய் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் கல் நிற்கும் இடத்தில் கல் இருக்கும்போதே இயந்திரம் வருகிறது. இங்கே கல் போன பின்னும் கலப்பை விலகிப் போகிறது.

இவளுக்கு இவ்வளவும் எப்படித் தெரியும்? அந்தக் கல்லுக்கு ஒரு சங்கம் இருக்கிறதாம். அதன் செயலாளர் மெலனி.

“போன வருசம் ஆண்டுக் கூட்டத்துக்குக் கேக் சாப்பிடப் போனனான் அண்ணா. செயலாளராய் ஆர் வாறியள் எண்டு கேக்க, எல்லாரும் குனிஞ்சு மேசையைப் பாத்தவை. நான் தெரியாமல் தலையைத் தூக்கிப் போட்டன். முடிஞ்சுது.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். இவளுடைய வம்சத்தில் எவரும் அந்த வழியில் ஒரு மாட்டையும் ஓட்டியதில்லை. ஆனாலும் அந்தக் கல் எங்கே நிற்பது என்று வாக்களிக்க இவளுக்கு ஒரு கை இருக்கிறது. என் தாத்தா எந்த நாட்டுக்காரர் என்று இந்தியாவும் எங்கள் நாடும் பேசி முடித்தபோது அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் சிவலிங்கம் ஐயாவின் அழைப்பு வந்தது. தட்டில் வினாகிரிப் புளிப்பில் ஊறிய பச்சை மீன். விழுங்குவதா துப்புவதா என்று நான் யோசித்த நேரம்.

“தம்பி, எஞ்சினியர் வந்துட்டுப் போனாரு. திங்கக்கிழம மெஷின் நம்ம வளைவுக்கு வந்துரும். அன்னைக்குக் காலையில பதில் வேணுமாம். கோயிலா, என்னன்னு சொல்லு. நீ சொன்னா ரெண்டு பாதியும் கேக்கும்.”

சனிக்கிழமை இங்கே கூட்டம் இருக்கிறது, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்றிலிருந்து நித்திரை குறைந்தது. நான் சொன்னால் கேட்பார்கள் என்பதுதான் பயமாக இருந்தது.

சனி பிற்பகல் ஆண்டுக் கூட்டத்துக்கு மெலனி என்னைக் கூட்டிப்போனாள். கேக்குக்காக மரியதாஸ் அண்ணையும் வந்தார். ஊர் மண்டபம், மேசைகளில் சின்னச் சின்னக் கொடிகள். முதலில் எல்லோரும் புத்தகத்தைப் பிரித்து ஒரு பாட்டுப் பாடினார்கள். பிறகு கோப்பி, பாதாம் தூவிய வளையப் பலகாரம். தலைவி, பிர்த்த என்ற ஓய்வு பெற்ற ஆசிரியை, கரண்டியால் கோப்பையைத் தட்டியதும் சத்தம் அடங்கியது. மெலனி என் காதுக்குள் தமிழாக்கிக்கொண்டே இருந்தாள்.

பௌல் எழுந்தார். தொப்பியைக் கழற்றிப் பிடித்த பெரிய கைகள்.

“இரண்டில் ஒன்று செய்யுங்கள். கல்லைத் திருப்பித் தாருங்கள், அல்லது அந்த வட்டத்தைத் தாருங்கள். ஒன்றுமில்லாததைச் சுற்றி உழுகிறேன் என்று என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.”

“கல்லை வயலுக்குள் வைத்தால் சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் எப்படிப் பார்ப்பது?” என்றார் ஒரு பெண்.

“இப்போது மட்டும் எதைப் பார்க்கிறார்கள்? ‘இங்கிருந்து’ என்று கல் சொல்கிறது. இங்கிருந்து கழிப்பறைதான் தெரிகிறது. கல் பொய் சொல்கிறது” என்றார் ஒரு தாடிக்காரர்.

“அப்படியானால் மரங்களை வெட்டினால் கோபுரம் தெரியும்.”

“மரங்கள் யாருடையவை?”

யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் கோப்பி குடித்தார்கள்.

நான் மெலனியிடம் கிசுகிசுத்தேன். “அவரு சும்மா உழுதுட்டா யாரு வந்து பாக்கப் போறா?”

அவள் எழுந்து அதைச் சபைக்கே மொழிபெயர்த்துவிட்டாள். மண்டபம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பௌல் கோபிக்கவில்லை, குழம்பிப்போனார்.

“ஆனால் உழ அனுமதி இல்லையே” என்றார்.

பிர்த்த சிரித்துக்கொண்டே, தூரத்திலிருந்து வந்த விருந்தாளி ஏதாவது சொல்லட்டும் என்றார். நான் எழுந்தேன். எங்கள் வழியைப் பற்றி, வளைவைப் பற்றி ஆங்கிலத்தில் சொன்னேன். “எங்களிடம் கல் இருக்கிறது, அதன் மேல் வீதி வருகிறது. உங்கள் வயலில் கல் இல்லை, கலப்பை சுற்றிப் போகிறது. நான் பொறாமைப்பட்டுக்கொண்டு நிற்கிறேன்” என்று முடித்தேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். கை தட்டினார்கள். நான் பகிடி விடவில்லை.

பிறகு வாக்கெடுப்பு. கல்லைத் திருப்பவும் இல்லை, வட்டத்தை விடவும் இல்லை. ஆராய்வதற்கு ஒரு சிறு குழு போடுவது, அடுத்த வருடம் மறுபடி பேசுவது. கைகள் உயர்ந்தன. மெலனியின் கையும். பௌலின் கைகூட! தட்டில் கடைசிப் பலகாரத் துண்டு ஒன்று இருந்தது. ஒருவர் அதைப் பாதியாய் வெட்டி எடுத்தார். அடுத்தவர் மிச்சப் பாதியில் பாதி. முழுதாய் எடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. விரல் நகமளவு மிஞ்சியதை மரியதாஸ் அண்ணை வாயில் போட்டுக்கொண்டார். “இல்லாட்டி இதுக்கும் அடுத்த வருசம் கூட்டம் வைப்பினம்” என்றார்.

அடுத்த வருடம். அவர்களுக்கு அது இருக்கிறது. கல்லுக்கும் அவசரமில்லை, புல்லுக்கும் அவசரமில்லை. எங்களுக்கோ திங்கட்கிழமை.

வீடு திரும்பும்போது காரில் நான் பின் இருக்கையில் இருந்தேன். முன்னால் இருந்த மெலனி திரும்பினாள்.

“அண்ணா, ஒண்டு கேக்கட்டே? உங்கட கல்லு சின்னன்தானே?”

“என் இடுப்பளவு இருக்கும்.”

“அப்ப ரோட்டு ஏன் சுத்திப் போகேலாது?”

மரியதாஸ் அண்ணை ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி சிரித்தார். “பிள்ளை, அங்க அப்பிடியெல்லாம் கேக்கேலாது.”

“ஏன்? கேட்டா அடிப்பினமோ?”

“அடிக்க மாட்டினம். எண்டாலும்...” அவர் அந்த வசனத்தை முடிக்கவில்லை. அடுத்த சந்திவரைக்கும் அதைத் தேடினார்.

மெலனி என்னைப் பார்த்தாள். “நீங்கள் கேட்டுப் பாத்தனீங்களோ?”

“இல்ல.”

“ஒருத்தருமோ?”

“ஒருத்தருமே கேக்கல.”

அவள் நம்பவில்லை. எனக்கே நம்ப முடியவில்லை. எத்தனை கூட்டம் போட்டோம், எத்தனை தேத்தண்ணீர், எத்தனை வாய்ச்சண்டை! சொந்தச் சித்தப்பா என்னோடு பேச்சை நிறுத்தினார். கோயிலா வளைவா என்று இரண்டு பாதிகளாய் நின்று கத்தினோமே தவிர, வீதியும் நகரக்கூடிய ஒரு பொருள் என்று எந்தப் பாதிக்கும் தோன்றவில்லை. எஞ்சினியர் வந்து சொன்னார், நாங்கள் கேட்டுக்கொண்டோம். மிச்சச் சண்டையை எங்களுக்குள்ளேயே போட்டுக்கொண்டோம். தோட்டத்தில் எல்லாக் கட்டளையும் மேலே இருக்கும் பங்களாவிலிருந்துதான் இறங்கிவரும். வீதியும் அப்படித்தான் எங்களுக்கு, மழைபோல. கல்லின் எதிர்ப்பக்கம் புதர் மண்டிய வெறும் பற்றைக்காடு, ஒரு வீடுகூட இல்லை. வீதிகள் எதற்காக வளைகின்றன என்று கரும்பலகையில் வருடா வருடம் படம் கீறிக் காட்டுகிறவன் நான்.

அந்தச் சின்னக் கேள்வி அவளுக்குத் தாகம் வருவதுபோல வந்தது. யாரையும் எதிர்க்கவில்லை, நெஞ்சை நிமிர்த்தவில்லை, சும்மா கேட்டாள். சுடுதண்ணீர்க் குழாய், பரீட்சை இல்லாத கல்லூரி, அடுத்த வருடம் என்று தள்ளிப்போடும் சொகுசு, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளட்டும். அந்தக் கேள்வி எனக்கு வராமல் அவளுக்கு வந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்று ஞாயிறு. காலையில் அவர்கள் மூவரும் தேவாலயத்துக்குப் பூசைக்குப் போனதும் சமையலறையில் இருந்தபடி சிவலிங்கம் ஐயாவை அழைத்தேன்.

“கல்ல என்ன செய்யிறதுன்னு சொல்லு தம்பி.”

“கல்ல ஒண்ணும் செய்ய வேணாங்க ஐயா. ரோட்ட அந்தப் பக்கமா அகலமாக்கச் சொல்லிக் கேப்போம். அங்க வெறும் பத்தைதானே.”

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று “ஐயா?” என்றேன்.

“ரோட்டையா?”

“ஆமாங்க.”

“அப்படியெல்லாம் கேக்கலாமா?”

“கேக்கலாங்க.”

“முடியாதுன்னுட்டா?”

“அப்புறம் கோயிலா வளைவான்னு நாம சண்ட போட்டுக்கலாம். சித்தப்பா எங்க போயிரப் போறாரு.”

முதலில் மூச்சுத்தான் கேட்டது. பிறகு அது சிரிப்பானது. “தம்பி, நம்மகிட்ட இதுவரைக்கும் யாரும் முடியாதுன்னுகூட சொன்னதில்லடா. கேட்டாத்தானே சொல்லுவாங்க!” அவர் குரல் மாறிவிட்டது. “சரி. நாளைக்கு அவரு மெஷின எறக்கறதுக்குள்ள வளைவுல போய் நிப்பேன். ரெண்டு பாதியையும் கூட்டிட்டுப் போறேன்.”

“ஐயா, நான் வர்ற வரைக்கும் கொஞ்சம்...”

“நீ எதுக்கு? மெஷின் உனக்காக நிக்குமா? நீ அங்கயே இருந்து கேக்கு சாப்பிட்டுட்டு மெல்ல வா” என்று வைத்துவிட்டார்.

இதை அதே மேசையில் இருந்துதான் எழுதுகிறேன். எஞ்சினியர் என்ன சொல்வார் என்று தெரியாது. ஆனால் எங்கள் ஆட்களில் ஒருவர் நாளைக் காலை அந்த வளைவில் நின்று, வீதியைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லிக் கேட்கப் போகிறார். அந்த ஆள் சிவலிங்கம் ஐயா. நானில்லை. இந்த நாட்டில் இறங்கிய நாளிலிருந்து எனக்கு வந்த பொறாமைகள் அத்தனையும் அவர்மேல் இப்போது வந்திருக்கும் பொறாமைக்குக் கிட்டவும் வராது.